காப்பிக் கொட்டையும் கலவைச் சீட்டும்

விடியற்காலையில் நெசவாளர் தெருவொன்றின் வழியே நடப்பவர்களின் செவியில் இரண்டு ஓசைகள் விழும். ஒன்று, தறியின் ஓசை. மற்றொன்று, டபராவுக்கும் தம்ளருக்கும் இடையே காப்பி ஆற்றும் ஓசை. முதல் ஓசை தொடங்குவதற்கு இரண்டாவது ஓசை முடிந்தாக வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். அதே வேளையில் பழனி மலைச் சரிவிலும், சேர்வராயன் மலையிலும், நீலகிரியிலும் தோட்டத்திற்குப் புறப்படும் விவசாயி ஒரு வாய் காப்பியை அருந்திவிட்டுத்தான் கூடையைத் தோளில் மாட்டுகிறார்.

காப்பியை விளைவிப்பவரும் நம் அங்கத்தினர். அதை விலை கொடுத்து வாங்கி நாள்தோறும் அருந்துபவரும் நம் அங்கத்தினர். இவ்விருவருக்கும் இடையே, கொட்டை வறுபட்டுத் தூளாக மாறும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தில் நடப்பது என்ன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விளைவிப்பவர் மூட்டையை எடை போட்டுக் கொடுத்ததோடு தம் வேலை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார். அருந்துபவரோ, பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்ப்பதோடு தம் ஆராய்ச்சியை முடித்துக்கொள்கிறார். அந்த நடு இடத்தை நேரில் கண்டு வந்ததையே இம்மாத இதழில் நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

குடும்பமே நடத்தும் தொழில்

சங்க அலுவல் ஒன்றின் பொருட்டுத் திருபுவனம் பட்டு நெசவாளர்களைக் காணச் சென்ற நாம், திரும்பும் வழியில் கும்பகோணத்தில் தங்க நேர்ந்தது. கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், விளம்பரப் பலகையைக் காண்பதற்கு முன்னரே வறுவல் மணம் நம்மை நிறுத்திவிட்டது. பத்தடி அகலமுள்ள சிறு கடை. அதன் பின்கட்டே வறுவல் கூடம். மாடியே குடும்பத்தின் வீடு. தந்தை, தாய், மகன், மருமகள் ஆகிய நால்வரே முதலாளிகளும் தொழிலாளிகளும்.

பெரியவர் பத்து கிலோ கொள்ளும் உருளை இயந்திரத்தின் அருகில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே உருளை சுழல, அடியில் எரிவாயுச் சுடர் எரிந்தது. அவருடைய தகப்பனார் காலத்தில் அங்கே கரியடுப்பு இருந்ததாம். உருளையைக் கையால் சுற்றுவார்களாம். நாம் வணக்கம் கூறியதும் அவர் முகத்தை மட்டும் திருப்பி, "உட்காருங்கள் ஐயா. கொட்டை வெடிக்கிற நேரம். அடுப்பை விட்டு நகர முடியாது. கேட்பதை அங்கிருந்தே கேளுங்கள்" என்றார். அதன் பிறகு அவர் நம்மோடு பேசிய நேரம் முழுவதும் அவருடைய காது மட்டும் இயந்திரத்தின் பக்கமே இருந்தது.

காரணம் இதுதான். பச்சைக் கொட்டைக்கு நாம் அறிந்த காப்பி மணம் கிடையாது. உருளையில் இட்டதும் முதலில் ஈரம் ஆவியாகிறது. கொட்டை மஞ்சளாகி வைக்கோல் மணம் எழுகிறது. பின்னர்ப் பழுப்பேறி ரொட்டி சுடுவது போன்ற மணம் வருகிறது. வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி செண்டிகிரேடை அடையும்போது சோளம் பொரிவது போல முதல் வெடிப்பு கேட்கிறது. இன்னும் சூடேறினால் அதைவிட மெல்லிய ஓசையோடு இரண்டாம் வெடிப்பு தொடங்குகிறது. கொட்டையின் மேல் எண்ணெய் கசிந்து மின்னுகிறது. பில்டர் காப்பிக்கு வேண்டிய பதம், அநேகமாக இவ்விரு வெடிப்புகளுக்கும் இடையிலோ, இரண்டாவதன் வாசலிலோ இருக்கிறது. அரை நிமிடம் கவனம் பிசகினால் மணம் போய்க் கரிப்பு மிஞ்சும். பதம் வந்ததும் கொட்டையைத் தட்டில் கொட்டி, விசிறியின் காற்றில் கிளறி விரைவாக ஆற்றிவிட வேண்டும். இல்லையெனில் அடுப்பிலிருந்து இறங்கிய பின்னும் அது தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும்.

"நெசவாளிக்கு இழை அறுந்தால் காது சொல்லும் என்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான்" என்றார் பெரியவர்.

வேலைப் பங்கீடும் தெளிவாக இருந்தது. பெரியவர் வறுக்கிறார். அம்மாள் கொட்டையை முறத்தில் பரப்பி, கறுத்ததையும் உடைந்ததையும் கல்லையும் பொறுக்குகிறார். மகன் கொள்முதலையும் கணக்கையும் பார்க்கிறார். மருமகள் வாடிக்கைக்காரர் கேட்கும் பதத்திற்கு அரைத்துக் கொடுக்கிறார். கைபேசியில் வரும் வெளியூர் ஆர்டர்களைக் கட்டி அனுப்புவதும் அவர் பொறுப்பே. ஒரே நாளில் நிறைய வறுத்து அடுக்கி வைப்பதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை, விற்கும் அளவுக்கே வறுக்கிறார்கள். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேற வேண்டுமாகையால், ஒரு நாளாவது ஆறவிட்ட பின்னரே அரைக்கிறார்கள். அரைத்த தூளோ காற்றுப் பட்ட நாள் முதல் மணத்தை இழந்துகொண்டே வரும். "சிறிதளவு வறு, அடிக்கடி வறு" என்பதே இக்குடும்பத்தின் தாரக மந்திரம். பெரிய ஆலைகளால் எளிதில் செய்ய முடியாத காரியம் இது ஒன்றே. சிறு கடை பிழைத்திருப்பதற்குக் காரணமும் இது ஒன்றே.

எடை குறையும் கணக்கு

காப்பி வறுக்கும் தொழிலில் நுழைபவர்கள் முதலில் அறிய வேண்டியது எடைக் குறைவு. பச்சைக் கொட்டையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஈரம். வறுக்கும்போது அந்த ஈரமும் வேறு சில பொருள்களும் ஆவியாகிவிடுகின்றன. மெல்லிய வெள்ளித் தோலும் உதிர்கிறது. பதத்திற்கு ஏற்ப நூற்றுக்குப் பதினான்கு முதல் இருபது வரை எடை குறைகிறது.

கணக்குக்கு எளிதாகப் பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிலோவின் விலை 5,000 ரூபாய். நூற்றுக்குப் பதினாறு குறைந்தால் கையில் மிஞ்சுவது 8 கிலோ 400 கிராம். அப்படியானால் வறுத்த கொட்டையின் அசல் அடக்கம் கிலோ 595 ரூபாய். இதற்கு மேல் எரிவாயு, மின்சாரம், பை, வாடகை, நால்வரின் உழைப்பு ஆகியவை சேர வேண்டும். 500 ரூபாய்க்கு வாங்கி 600 ரூபாய்க்கு விற்றால் நூறு ரூபாய் லாபம் என்று எண்ணித் தொடங்கிய கடைகள் பல, ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டதன் காரணம் இதுவே. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இங்கேதான் சிக்கரி உள்ளே நுழைகிறது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் மிகுதியாக விளைகிறது. அதை உலர்த்தி வறுத்து அரைத்துக் காப்பித் தூளோடு கலக்கிறார்கள். அதில் காபீன் கிடையாது. டிக்காக்ஷனுக்குக் கருமையும் திண்மையும் கொடுக்கும். பில்டரில் நீரைப் பிடித்து வைத்து மெதுவாக இறங்கச் செய்யும். அளவோடு சேர்த்தால் பாலும் சர்க்கரையும் சேர்ந்த நம் காப்பிக்கு அது பொருந்தியே இருக்கிறது. விரும்பிக் கேட்பவர்களும் ஏராளம். எனவே சிக்கரி சேர்ப்பது குற்றம் அன்று. சேர்த்ததைச் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

சட்டமும் இதையே கூறுகிறது. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது; சிக்கரி 49 பங்குக்கு மிகக்கூடாது; இரண்டும் எத்தனை பங்கு என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். சிக்கரி கிலோ 200 ரூபாய் என்று கொண்டால், மேற்கண்ட கணக்கின்படி 80-க்கு 20 கலவையின் அடக்கம் கிலோ 516 ரூபாய். 60-க்கு 40 கலவையின் அடக்கம் 437 ரூபாய். இடையே உள்ள வேறுபாடு 79 ரூபாய். சீட்டில் 80-க்கு 20 என்று எழுதிவிட்டு, உள்ளே 60-க்கு 40 வைத்தால், கிலோவுக்கு 79 ரூபாய் யாரும் அறியாமல் கல்லாவில் விழும். சிறு கடைக்காரரின் முன் நாள்தோறும் நிற்கும் சோதனை இது.

ஒரு குடும்பத்திற்கு வந்த சோதனை

இந்தச் சோதனை அக்குடும்பத்திற்கும் வந்தது. பிரேசில் நாட்டிலும் வியத்நாமிலும் மழை பொய்த்ததால் 2024-ஆம் ஆண்டு முழுவதும் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 2025-இன் தொடக்கத்திலும் அராபிகா, 1977-ஆம் ஆண்டின் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. மலையில் பச்சைக் கொட்டையின் விலை மாதத்துக்கு ஒன்றாக மாறியது. கடையில் தூளின் விலையை அதே வேகத்தில் ஏற்றினால் வாடிக்கை போகும். ஏற்றாவிட்டால் முதல் போகும்.

அவ்வேளையில் இக்கடையில் மாதந்தோறும் மிகுதியாக வாங்கும் சிற்றுண்டிச் சாலை ஒன்று, "சீட்டும் விலையும் பழையபடியே இருக்கட்டும், சிக்கரியை மட்டும் இரட்டிப்பாக்கிக் கொடுங்கள்" என்று சொல்லியனுப்பியது. மகன் அன்றிரவு கணக்கைப் போட்டுக் காட்டினார். "அப்பா, ஆறு மாதத்திற்கு மட்டும். விலை இறங்கியதும் பழைய கலவைக்கே வந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?" என்பது அவர் வாதம். அவரைக் குறை கூறுவதற்கில்லை. வங்கிக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் அவர் கையில்தான் இருந்தன.

பெரியவர் பதில் சொல்லவில்லை. அம்மாள்தான் சொன்னாராம்: "நாற்பது வருஷமாக இந்தச் சீட்டை நான்தான் எழுதி ஒட்டுகிறேன். பொய்யான சீட்டு எழுதவேண்டுமென்றால் வேறு கை பார்த்துக்கொள்."

மறுநாள் கடை வாசலில் ஒரு கரும்பலகை வந்தது. அன்றைய பச்சைக் கொட்டை விலை, கடைசியாக வறுத்த தேதி, ஒவ்வொரு கலவையின் பங்கு, அதன் விலை ஆகிய நான்கும் அதில் எழுதப்பட்டன. 80-க்கு 20 விலை ஏறியது. அதைத் தாங்க முடியாதவர்களுக்கு 70-க்கு 30 என்று வெளிப்படையாக எழுதிய மலிவுக் கலவை ஒன்றும், நூறு கிராம், ஐம்பது கிராம் பொட்டலங்களும் வந்தன. இதன் விளைவாக எல்லாம் சுகமாக முடிந்தது என்று நாம் கூறமாட்டோம். சிற்றுண்டிச் சாலை வேறிடம் சென்றது; நாம் அங்கே இருந்த நாள் வரை திரும்பவில்லை. அவ்வாண்டு மாடி அறைக்குக் கூரை மாற்றும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆனால் வீட்டுக்கு வாங்குபவர்களில் விலகியவர்கள் வெகு சிலரே. பலர் அளவைக் குறைத்துக்கொண்டார்கள்; கடையை மாற்றவில்லை. "ஓட்டல் கணக்குப் போனது எனக்கு இன்னும் வருத்தந்தான். ஆனால் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவரிடம் நான் விலைக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை" என்று மகனே நம்மிடம் கூறினார். இப்போது அப்பலகையை நாள்தோறும் எழுதுபவர் அவர்தாம்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தி அன்று. கலப்பு இழையைச் சுத்தப் பட்டென்றும், விசைத்தறித் துணியைக் கைத்தறியென்றும் விற்பவர்களால் உண்மையாக நெய்பவருக்கு நேர்ந்த நஷ்டத்தை அவர்கள் அறிவார்கள். அதற்காகவே 2004-இல் பட்டு முத்திரையும், 2006-இல் கைத்தறி முத்திரையும் ஏற்பட்டன. துணிக்கு முத்திரை எதுவோ, காப்பிப் பொட்டலத்திற்குக் கலவைச் சீட்டு அதுவே.

மலையிலிருந்து வந்த மாதிரிப் பை

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மாதிரிக் கொட்டைப் பையோடு வந்து சேர்ந்தார். மூன்று ஏக்கர் தோட்டக்காரர். அவரிடமிருந்து பல ஆண்டுகளாக இக்குடும்பம் நேரில் கொள்முதல் செய்கிறது. பெரியவர் கையளவு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார். "இந்தத் தடவை காய்ச்சல் நன்றாக இருக்கிறது, தம்பி. போன வருஷம் அவசரப்பட்டுவிட்டாய்" என்றார். விவசாயி சிரித்துக்கொண்டே, "போன வருஷம் காயப்போட்ட களத்தில் மழை வந்துவிட்டதுங்க" என்றார்.

விளைவிப்பவர் செய்யும் ஒவ்வொரு காரியமும் தம்ளரில் தெரியும் என்பதற்கு இது சான்று. செடியில் பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. செங்காயையும் பழத்தையும் ஒன்றாக உருவினால் கூலி மிச்சம். ஆனால் வறுக்கும்போது ஒன்று வெளிறி நிற்க, மற்றொன்று கறுத்துவிடும். பழுத்ததை மட்டும் மூன்று நான்கு முறை பறிப்பதே முறை. பறித்த பழத்தின் தோலை அன்றே நீக்கி, ஊற வைத்து, வழவழப்பு நீங்கக் கழுவி உலர்த்துவது பார்ச்மெண்ட். பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்துவது செர்ரி. ஐந்தாறு கிலோ பழத்திற்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். ஒரு பழத்திற்குள் இரு பருப்புகளுக்குப் பதிலாக ஒன்றே உருண்டு திரண்டிருந்தால் அது பீபரி. உருண்டையானது உருளையில் சீராகப் புரண்டு ஒரே பதமாக வறுபடும். தட்டையானதோடு சேர்த்து வறுக்கக்கூடாது. உயர்ந்த மலையில் விளையும் அராபிகாவையும், தாழ்ந்த இடத்தில் விளைந்து காபீன் ஏறத்தாழ இரு மடங்கு கொண்ட ரோபஸ்டாவையும் தனித்தனியே வறுத்துப் பின்னரே கலக்க வேண்டும்.

இவ்விவசாயியைப் போன்றவர்களே நம் நாட்டுக் காப்பியின் முதுகெலும்பு. இந்தியாவில் உள்ள காப்பித் தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவை பத்து ஹெக்டேருக்குக் குறைந்தவை. விளைச்சலில் பெரும்பங்கு கர்நாடகத்தினுடையது; தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ இருபதில் ஒன்று. அளவில் சிறியதாயினும், குடிப்பவர் ஊரும் விளைவிப்பவர் மலையும் ஒருநாள் பயணத்திற்குள் அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு.

விற்கும் உரிமை வந்த வரலாறு

இவ்விவசாயி தம் கொட்டையைத் தாமே விலை பேசி இக்கடைக்கு விற்க முடிவது பழைய வழக்கம் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியதாக வழிவழிச் செய்தி உண்டு. நம் பக்கத்தில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடச் செய்தார். அதைக் குடிக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் பரவியபோது எழுந்த கண்டனங்களையும் கவலைகளையும் ஆ. இரா. வேங்கடாசலபதி தமது "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். ஒரு காலத்தில் ஆடம்பரம் என்று ஏசப்பட்டது, இன்று தறி மேடையில் நாள்தோறும் இடம் பெற்றுவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு விலை சரிந்தபோது, விவசாயியைக் காக்க 1942-இல் காப்பிச் சட்டம் இயற்றப்பட்டது. விளைந்ததைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். போர்டு விற்றுத் தவணை தவணையாகப் பணம் கொடுக்கும். இது பாதுகாப்பாகவும் இருந்தது, கட்டுப்பாடாகவும் இருந்தது. 1992 முதல் இக்கட்டு சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1996-இல் எல்லா விவசாயிகளுக்கும் விற்கும் உரிமை முழுமையாகக் கிடைத்தது. உரிமையோடு பொறுப்பும் வந்தது. இன்று விலையை அறிந்திருப்பதும், தரத்தைக் காப்பதும், வாங்குபவரைத் தேடுவதும் விவசாயியின் தலையிலேயே இருக்கின்றன. இது தனி ஒருவரின் தோளுக்குக் கனமான சுமை.

கனமான சுமையைக் கூடிச் சுமந்தவர்களின் சான்றும் காப்பியிலேயே இருக்கிறது. காப்பி போர்டு தான் நடத்திய காப்பி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957 ஆகஸ்டு 19-இல் பெங்களூரில் முதற் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபர் 27-இல் தில்லியில் அவர்களுடைய முதல் இந்தியன் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. தட்டு ஏந்தியவர்களே உரிமையாளர்களான அச்சங்கங்கள் பல மாநிலங்களில் இன்றும் நடைபெறுகின்றன.

நம் சங்கங்கள் செய்யக் கூடியவை

இதைப் படிக்கும் மலை அங்கத்தினர்கள் அனைவரும் நாளையே வறுவல் இயந்திரம் வாங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இயந்திரத்தில் பணத்தை முடக்கிவிட்டு, வாங்குவோர் இன்றித் திகைத்தவர்களும் உண்டு. படிப்படியாகச் செய்வதே நலம்.

முதற்படி, தோல் நீக்கும் இயந்திரத்தையும் உலர்களத்தையும் சங்கத்தின் பொதுவில் அமைப்பது. மழை வந்தபோது மூடுவதற்குத் தார்ப்பாய் இல்லாமையால் கெட்ட கொட்டையை எந்த வறுவலாலும் திருத்த முடியாது. இரண்டாம் படி, அறுவடைக் காலத்தில் பணமுடையால் வந்த விலைக்கு விற்காமல் இருக்கும்படி, சரக்கின் மேல் சங்கமே முன்பணம் கொடுப்பது. மூன்றாம் படி, ஏற்கெனவே நேர்மையாகத் தொழில் நடத்தும் சிறு வறுவல் குடும்பங்களோடு ஆண்டுக்காண்டு தொடரும் கொள்முதல் உறவை ஏற்படுத்திக்கொள்வது. இவை மூன்றும் வேரூன்றிய பின்னர், சங்கமே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று ஐந்து அல்லது பத்து கிலோ இயந்திரம் ஒன்றை வைத்து, முதலில் தன் அங்கத்தினர்களின் வீடுகளுக்கே தூள் கொடுத்துப் பார்க்கலாம். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் கைகோத்தால், தூளுக்கு வாங்குவோரைத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை.

அருந்துபவர் அறிய வேண்டியவை

அருந்துபவருக்கும் கடமை உண்டு. கடையில் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: "எப்போது வறுத்தது? எத்தனை பங்கு சிக்கரி?" இவற்றிற்குத் தயங்காமல் விடை சொல்லும் கடையை விட வேண்டாம். ஐயம் இருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, மேலே சிட்டிகைத் தூளைத் தூவிப் பாருங்கள். காப்பி மிதக்கும், சிக்கரி நிறக்கோடு விட்டுக்கொண்டே கீழே இறங்கும்.

ஒரு வாரத்திற்கு வேண்டிய தூளை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பில்டரின் மேல் பாத்திரத்தில் தூளை இட்டுச் சமமாக்கி, குடையை இலேசாக வையுங்கள். அழுத்தினால் நீர் இறங்காது. கொதித்த நீரைச் சுற்றி ஊற்றி மூடிவிட்டுக் கால் மணி நேரமாவது பொறுங்கள். முதல் டிக்காக்ஷனோடு அப்பொழுதே காய்ச்சிய பாலைச் சேர்ப்பதே சிறப்பு. டிக்காக்ஷனை மீண்டும் அடுப்பில் வைப்பது, பெரியவரின் சொற்களில், "வறுத்தவன் பட்ட பாட்டைச் சாக்கடையில் ஊற்றுவது." கும்பகோணம் டிகிரி காப்பி என்னும் பெயர், பாலின் தரத்தை அளக்கும் கருவியின் டிகிரியிலிருந்து வந்தது என்பர். அங்கும் கலப்படமற்ற பாலே பெயருக்குக் காரணமாகக் கூறப்படுவதைக் கவனிக்க வேண்டும்.

அளவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் நாளொன்றுக்குக் காபீன் 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று கூறுகிறது. உணவு அருந்துவதற்கு ஒரு மணி முன்னும் பின்னும் காப்பியும் தேநீரும் தவிர்த்தால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது தடைப்படாது. சோறு உண்ட கையோடு காப்பி கேட்கும் தறி வீடுகளில், முக்கியமாகப் பெண்மணிகள், இதை நினைவில் கொள்வது நல்லது. குறைவாக அருந்துங்கள், நல்லதாக அருந்துங்கள்.

நாம் விடைபெற எழுந்தபோது அம்மாள் இரண்டு டபராக்களில் காப்பி கொண்டுவந்தார். மலையிலிருந்து வந்த விவசாயிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அவர் ஒரு வாய் அருந்திவிட்டு, "இது நம்ம தோட்டத்துக் கொட்டைதானுங்களா?" என்று கேட்டார். "போன மாதம் நீ கொடுத்ததுதான். பலகையைப் பார், தேதி இருக்கிறது" என்றார் பெரியவர். விவசாயி எழுந்து சென்று பலகையைப் படித்தார். தம் விளைபொருளைப் பக்குவமாக வறுத்த நிலையில் அருந்தும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை என்று பின்னர் அறிந்தோம். ஊரில் அவர் வீட்டிலும், பலரைப் போலவே, கடையில் விற்கும் ஏதோ ஒரு பொட்டலந்தான்.

அங்கத்தினர்களே, விளைவிப்பவர் தம் விளைவின் சுவையை அறியவும், அருந்துபவர் தாம் அருந்துவது இன்னதென்று அறியவும் நம் சங்கங்கள் வழி செய்யட்டும். அடுத்த முறை பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது, முகர்ந்து பார்ப்பதற்கு முன்னர் அதன் சீட்டைப் படியுங்கள்.